பவளத்தின் பால்பல்

பவளத்துக்கு முதியோர் உதவித்தொகை அனுமதித்து ஆணை வந்த அன்று, அவள் வாசல்படியில் குந்தி எறும்புகளுக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாட்டி வீட்டில் இருக்கிறார்களா பாப்பா என்று கேட்டார். பாட்டியெல்லாம் கிடையாது, பவளம் நான்தான் என்றாள் அவள். கையெழுத்துப் போடத் தெரியாததால் கட்டைவிரலில் மை தடவி உருட்டிக் கொடுத்தாள். ரேகையில் கொஞ்சம் சர்க்கரையும் ஒட்டியிருந்தது.

அவளுக்கு ஆறு வயது. அதாவது, டாக்டர் வடிவாம்பிகையின் வயிற்றிலிருந்து வெளியே வந்து ஆறு வருஷம். அரசாங்கத்தின் கணக்கு வேறு.

செம்மணல்விளைக்குத் தெற்கே இருக்கும் தேரி மணல்மேட்டில் மின்சாரக் காற்றாடிக் கம்பத்துக்குக் குழி தோண்டியபோது, அடியில் கரித்துண்டுகளும் பக்கத்திலேயே ஒரு கடைவாய்ப்பல்லும் கிடைத்தன. கரியின் வயது பதினோராயிரத்து நானூறு வருஷம், முன்னே பின்னே இருநூறு. பல்லுக்குள் டி.என்.ஏ. அழியாமல் இருந்தது. அதை வைத்து ஒரு முழு ஆளையே திரும்ப வளர்க்க முடியும் என்று உலகத்துக்குச் சொன்னவள் வடிவு. சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினாள். கருவைச் சுமக்க ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். வந்த ஒரே ஒருத்தியும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பதினோராயிரம் வருஷத்துப் பிரேதமா என்று எழுந்து போய்விட்டாள். கடைசியில் வடிவே சுமந்தாள். நாற்பத்தொரு வயதில், கல்யாணம் ஆகாமல், வாந்தியும் மயக்கமுமாக ஆய்வகத்துக்கு நடந்து, சிசேரியன் செய்து பெற்றெடுத்தாள். அந்த விஷயத்தில் ஊர் என்ன பேசியது என்பதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய எலும்பிலிருந்து மனிதர்களை உருவாக்கி, எங்கள் கம்பெனித் தயாரிப்பு என்று காப்புரிமை வாங்கச் சில பேர் கிளம்பினார்கள். அதைத் தடுக்க ‘மீட்டெடுக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டம்’ வந்தது. அப்படி உருவாகும் ஆள் புதுச் சரக்கு அல்ல, அந்தப் பழைய மனிதரே திரும்பி வந்திருக்கிறார் என்று கொள்ள வேண்டும். ஆகவே அவருடைய பிறந்த வருஷம் பழைய பிறந்த வருஷம்தான். அதைப் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டபின் கோட்டாட்சியர் முடிவு செய்வார். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் போட்டவர்களில் ஒருவர் வீட்டிலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் பிள்ளை இல்லை போலிருக்கிறது.

ஆட்சேபம் கேட்டால் சும்மா இருப்பார்களா. மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் பாஸ்டர் ஜெபசிங். நல்ல மனிதர், நோயாளி வீட்டுக்கு நடந்தே போய் ஜெபிக்கிறவர். உலகம் படைக்கப்பட்டே ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் பல் எங்கிருந்து வரும் என்றார். குழந்தை ஜலப்பிரளயத்துக்குப் பின்னால் பிறந்தவள், நாலாயிரத்துச் சொச்சம், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஏற்க முடியாது.

அடுத்து தர்மகர்த்தா பலவேசம். திரேதா யுகத்தில் ஒரு கன்னிப்பெண் அதே தேரியில் தவம் இருந்ததாக அவர் கோவில் தலபுராணம் சொல்கிறது. எட்டு லட்சத்துக்கு ஒரு வருஷம் குறைந்தாலும் கோர்ட்டுக்குப் போவோம் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பவளத்தின் காலில் விழுந்து, ஆத்தா என்று மாலை போடுவார். மாலையில் இருக்கும் ரோஜாவைப் பவளம் தின்றுவிடுவாள்.

மூன்றாவது ஆள் புலவர் ஞாயிறுபோற்றி. கடல்கொண்ட நாட்டின் கடைசி மகள் இவள், ஐம்பதாயிரம் ஆண்டுக்குக் கீழே இறங்குவது இனத்துரோகம் என்பது அவர் கட்சி. மனிதகுலத்தின் முதல் மொழியில்தான் இவள் வாய் திறப்பாள் என்று நம்பி, குழந்தைக்கு ஒரு வயதாகும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்திருந்தார். அவள் பேசிய முதல் வார்த்தை ‘டிவி’. மனிதர் அன்று சாப்பிடவில்லை.

நான்காவதாக ஒரு பிடிவாதக்காரி இருந்தாள். அவள் வடிவேதான். பதினோராயிரத்து நானூறு, முன்னே பின்னே இருநூறு. எந்த விசாரணையில் கேட்டாலும் இதே பாட்டு. ஒரு வருஷத்தைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அவள் ஆராய்ச்சி முழுவதும் அந்த எண்ணின் மேல்தான் நின்றது.

அவள் பக்கம் ஓர் ஓட்டை இருந்தது. வயது தெரிந்தது கரிக்குத்தான், பல்லுக்கு அல்ல. பல்லில் ஒரு துண்டை வயது பார்க்க மிச்சம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை பொடி இருந்தால் இன்னும் கொஞ்சம் டி.என்.ஏ. கிடைக்குமே என்ற ஆசையில், மசாலா அரைக்கிற மாதிரி முழுப்பல்லையும் அரைத்துவிட்டாள். இப்போது பல்மானி என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. டிபன் டப்பா அளவுதான். பல்லை உள்ளே வைத்தால், மேல்பூச்சு எத்தனை வருஷத்துக்கு முன்னால் உறைந்தது என்று சொல்லிவிடும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. வைக்கப் பல் இல்லை.

இப்படியே மூன்று வருஷம் இழுத்தது. சரியான வயது முடிவாகாவிட்டாலும், ஆள் அறுபதைத் தாண்டியவள் என்பதில் நான்கு தரப்புக்கும் ஒற்றுமை இருந்ததால், உதவித்தொகைக்காரர்கள் மட்டும் சட்டுப்புட்டென்று வேலையை முடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கதை வேறு. தலைமையாசிரியை ரெஜினா டீச்சர் இரண்டு தடவை முயன்று பார்த்தார். கம்ப்யூட்டர் இரண்டு தடவையும் பிறப்புச் சான்று கேட்டது. சான்று இல்லாமல் சேர்க்க வழியில்லை.

பவளம் தினமும் காலையில் பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வீட்டு ஜெசிந்தா உள்ளே போவதைப் பார்ப்பாள். முன்பெல்லாம் இரண்டு பேரும் புழுதியில் உருண்டு விளையாடுவார்கள். ஒரு நாள் ஜெசிந்தாவின் அம்மா, பெரிய மனுஷியை வாட்டி போட்டி என்றா கூப்பிடுவாய் என்று மகள் முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாளிலிருந்து ஜெசிந்தா “வாங்க பவளம், ஒளிஞ்சுக்கோங்க, நான் எண்ணுதேன்” என்று மரியாதையாக விளையாட ஆரம்பித்தாள். அன்று பவளம் சாப்பிடாமல் அழுதாள். எனக்கு எத்தனை வயசும்மா என்று கேட்டாள். வடிவுக்கு அந்த எண் வாய்வரைக்கும் வந்தது. சொல்லாமல் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மூன்று கோட்டாட்சியர்கள் அந்தக் கோப்பை முடிக்காமலே மாற்றல் வாங்கிக்கொண்டு போனபின், நான்காவதாக உலகம்மாள் வந்தார். முதல் வாரத்திலேயே எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பவளமும் வந்திருந்தாள். சம்பந்தப்பட்ட மூத்த குடிமகள் நேரில் ஆஜராக வேண்டுமே.

காலை முழுவதும் யுகம், பிரளயம், கடல்கோள் என்று ஓடியது. உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியாக வடிவு பக்கம் திரும்பினார்.

“டாக்டரம்மா, அந்தப் பல்லு எங்க?”

“அரைச்சாச்சும்மா.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

பாஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். உலகம்மாள் பேனாவை மூடினார். அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பவளம் அவர் கண்ணில் பட்டாள். அவள் நாக்கால் கீழ்ப்பல் ஒன்றை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இங்க வா. பல்லு ஆடுதா?”

அந்த அறையில் யாரும் அவளை அதுவரை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. பவளம் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கோட்டாட்சியர் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். உலகம்மாளும் இறக்கிவிடவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே சட்டப்புத்தகத்தைத் திறந்தார்.

“மீட்டெடுக்கப்பட்டவரின் பல்லைக் கொண்டு வயதைத் தீர்மானிக்கவும்னு போட்டிருக்கு. எந்தப் பல்லுன்னு போடலை. இவ மீட்டெடுக்கப்பட்டவ. இது இவ பல்லு. இது தானா விழட்டும், பெட்டியில வைப்போம். அது என்ன எண் காட்டுதோ அதுதான் முடிவு. சம்மதம்னா எல்லாரும் எழுதிக் குடுங்க.”

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துகொண்டு மறைப்பது அவள் புத்திக்கு ஒத்துவரவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

“அம்மா, அது பால்பல். என் வயித்துக்குள்ள வச்சு உருவாக ஆரம்பிச்சது. நான் தின்ன இட்லியும் சாளை மீனும்தான் அதுல இருக்கு. ஆறு வருஷம்னுதான் காட்டும். பதினோராயிரமும் காட்டாது, இவங்க சொல்ற எதையும் காட்டாது.”

உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் பின்வாங்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். நடந்தது நேர்மாறு.

“பாத்தியளா, பெட்டி வர்றதுக்கு முன்னாலயே சிஸ்டர் பயந்துட்டாங்க” என்றார் பாஸ்டர். சத்தியம் சோதனைக்கு அஞ்சாது என்று முதல் கையெழுத்தை அவரே போட்டார். ஆத்தாவின் பல் எந்தப் பெட்டிக்கும் அடங்காது, வைத்ததும் பெட்டி வெடிக்கும், அதையும் பார்ப்போம் என்று பலவேசம் போட்டார். அது தமிழ்ப்பல் அம்மையீர், பொய்யுரைக்காது என்று புலவர் நீளமாக, தன் பட்டங்களோடு சேர்த்துப் போட்டார்.

பாக்கி இருந்தது வடிவு. போட்டால், தான் மூன்று வருஷம் கட்டிப் பிடித்த எண் அரசாங்கக் காகிதத்தில் இல்லாமல் போகும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மடியில் இருந்த பவளம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இந்நேரம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருப்பார்களா என்று கோட்டாட்சியரைக் கேட்டாள். வடிவு கையெழுத்துப் போட்டாள்.

மாதக் கடைசியோடு பள்ளிச் சேர்க்கை முடிகிறது. பல்லைப் பிடுங்கக் கூடாது என்று உலகம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூத்த குடிமகளின் பல்லைப் பலவந்தமாகப் பிடுங்கினால் அது வேறொரு சட்டத்தில் குற்றம். ஆகவே காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருப்பு என்றால் சும்மா இல்லை. பாஸ்டர் வீட்டிலிருந்து கல்மாதிரி முறுக்கு வந்தது. பலவேசம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயோடு வந்து உட்கார்ந்தார். புலவர் தோளில் முழுக் கரும்பைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் இறங்கினார். மூன்று பேரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு, தன்னுடையதை விட்டு மற்றவர் கொண்டுவந்ததை எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, பிள்ளை மெல்லுவதையே பார்த்திருப்பார்கள். பல் ஆடியது, விழவில்லை.

நாலு நாள் போனபின் பவளமே ஒரு விஷயத்தைத் திருத்தினாள். பலவேசம் வழக்கம்போல ஆத்தா என்றதற்கு, “நான் ஆத்தா இல்ல மாமா, சின்னப் பிள்ளை. எனக்குக் கரும்பு உரிச்சுத் தாங்க” என்றாள். திரேதா யுகத்துக் கன்னி சொல்லித் தட்ட முடியுமா. எட்டு லட்சம் வருஷத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருந்த மனிதர், புலவரின் கரும்பை வாங்கித் தன் சொந்தப் பல்லால் உரித்துக் கொடுத்தார். உரிக்கையில் அவருடைய பல்தான் ஒன்று ஆட்டம் கண்டது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் பவளம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வாயில் ஓட்டை.

“அம்மா, பல்லு விழுந்துட்டு.”

“எங்கடி?”

“கூரைமேல.”

செம்மணல்விளையில் எல்லாம் மொட்டைமாடி வீடு. ஓட்டுக்கூரை மிச்சம் இருப்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டின்மேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும், மொட்டைமாடியில் எறிந்தால் முளைக்காது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் தீர்மானமான முடிவு. கேட்டுக்கு வெளியே நின்ற பவளத்தின் கையில் பல் விழுந்ததும், உள்ளேயிருந்து ஜெசிந்தா சாணியோடு ஓடி வந்திருக்கிறாள். அவள்தான் எறியவும் செய்தாள். மாவட்டமே எதிர்பார்த்த தடயம் அப்படிக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அரைமணி நேரத்தில் ஏணி வந்துவிட்டது. பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே புலவர் ஏறி இரண்டு ஓடுகளை உடைத்தார். உடம்பு கனத்த பலவேசம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, வடமேற்கில் பாருங்கள், தாழ்வாரத்தில் பாருங்கள் என்று சத்தம் போட்டார். வடிவும் ஏறினாள். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு முற்றத்தில் நின்று பார்த்தார்கள். ரெஜினா டீச்சர் அதட்டிப் பார்த்து அலுத்து, அவரும் பார்த்தார்.

ஒரு பல்லைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு சத்துணவுத் தட்டு நிறையப் பல் கிடைத்தது. ஓட்டு இடுக்கிலும் மழைத்தண்ணீர் ஓடும் தகரவாரியிலும், காய்ந்த சாணிக்குள்ளும் சாணி கரைந்துபோய்த் தனியாகவும், எத்தனையோ வருஷத்துப் பிள்ளைகளின் பல் அங்கே கிடந்தது. எல்லாம் ஒரே மாதிரி அரிசி அரிசியாக இருந்தன. இப்போதுதான் எறிந்த ஈர உருண்டை எது என்று பார்க்கலாம் என்றால், காலையிலிருந்து எறிந்தவர்கள் வேறு நாலு பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் புலவர் ஏற்கெனவே வேட்டியில் துடைத்துத் தட்டில் போட்டிருந்தார்.

உலகம்மாள் ஜீப்பில் வந்து இறங்கும்போது மூன்று பேரும் தட்டைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர்களுக்குள் ஒருமித்த கருத்து வந்திருந்தது. மஞ்சள் பூத்து, தேய்ந்து, ஓரத்தில் கறுப்புப் புள்ளியோடு ஒரு பல் இருந்தது. பார்த்தாலே தொன்மை தெரிந்தது. இதுதான், சந்தேகமே இல்லை என்றார் பாஸ்டர். பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டார். புலவர் கண் கலங்கியேவிட்டார்.

உலகம்மாள் கொண்டுவந்த பல்மானியில் வைத்தார்கள். பெட்டி வெடிக்கவில்லை. ஐம்பத்தேழு என்று காட்டியது.

“ஐம்பத்தேழாயிரம்” என்றார் புலவர்.

“வெறும் ஐம்பத்தேழு” என்றாள் வடிவு.

ரெஜினா டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, அது தன்னுடையது என்றார். அவரும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். அந்தப் புள்ளி கல்கோனா மிட்டாய் தின்று வந்த சொத்தை. டீச்சர் ஊருக்குச் சொல்லி வந்த வயது ஐம்பத்திரண்டு என்பதால், எல்லாரும் அவசரமாக அடுத்த பல்லை எடுக்கக் குனிந்தார்கள்.

மிச்சப் பற்களை ஒவ்வொன்றாக வைத்தார்கள். பதினான்கு காட்டியது, எட்டு காட்டியது, முப்பதைத் தொட்டது ஒன்று, ஆறு நாலைந்து தடவை வந்தது. ஆயிரத்தை எதுவும் தொடவில்லை. உலகம்மாள் தட்டை மூன்று பேர் முன்னாலும் நீட்டினார்.

“இதுல பதினோராயிரம் வருஷத்துப் பல்லு எது, இல்ல நாலாயிரத்துது, இல்ல எட்டு லட்சத்துது, யாராச்சும் எடுத்துக் காட்டுங்க.”

மூன்று பேரும் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். பாஸ்டர்தான் கொஞ்சம் யோசித்து வடிவிடம் கேட்டார். சிஸ்டருக்குத் தெரியும்லா, டி.என்.ஏ. பார்த்தால் இன்னாருடையது என்று வந்துவிடுமே.

“வரும் பாஸ்டர், ஒரு மணி நேரத்துல சொல்லிருவேன்” என்றாள் வடிவு. “ஆனா ஜெசிந்தா பல்லைப் பாத்தாலும் அதுல இருக்கது பழசுதான். பதினோராயிரம் வருஷத்துக்கு முந்தி அதுவும் எவளோ ஒருத்தி உடம்புல இருந்துச்சு. உங்க உடம்புல இருக்கதும் அப்படிக் கைமாறிக் கைமாறி வந்ததுதான். அதுக்காக உங்களுக்கு யாரும் முதியோர் பணம் தரலையே. டி.என்.ஏ.ங்கிற எழுத்துப் பழசு, பிள்ளை புதுசு. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சது இந்தச் சட்டம். கூடச் சேந்து நானும் நெனச்சிட்டேன்.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அந்தப் பிள்ளை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதில் மற்ற மூன்று பேருக்கும் எவ்வளவு பங்கோ, அதற்கு ஒரு பங்கு கூடவே தனக்கு உண்டு என்று பட்டது. அவர்களாவது பெற்றவர்கள் இல்லை.

பாஸ்டர் அதற்கு மறுப்பு ஏதோ சொல்லப் போனார். முற்றத்தில் நின்ற பவளம் அவரைப் பார்த்து ஓட்டைவாயைக் காட்டிச் சிரித்தாள். நாலாயிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

உலகம்மாள் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, டாக்டர் வாக்குமூலப்படி ஆறு காட்டிய பற்களில் ஒன்றுதான் இன்று விழுந்தது என்று காரணம் காட்டி, வயது ஆறு என்று எழுதி முத்திரை குத்தினார். பலவேசம் தயங்கித் தயங்கி, எட்டு லட்சம் என்பது எங்கள் தரப்பின் நம்பிக்கை என்று ஓரமாக ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டார். கோப்பில் இடம் நிறைய இருக்கிறது, நாளைக்கு எழுதிக் கொடுங்கள் என்றார் உலகம்மாள். மற்ற இரண்டு பேரும் உடனே தங்களுக்கும் ஒவ்வொரு வரி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வடிவு கேட்கவில்லை.

எல்லாரும் போனபின் அவள் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினாள். பவளத்தின் பல் எது என்று கண்டுபிடிக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை; கை அரித்தது என்றே சொல்லலாம். ஆனாலும் மொத்தத்தையும் ஓட்டின்மேல் கொட்டிவிட்டு இறங்கினாள். கொட்டாவிட்டால் பிள்ளைக்குப் புதுப்பல் முளைக்காது என்று ஜெசிந்தா கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பவளம் பள்ளிக்கூடம் போனாள். கேட்டுக்கு வெளியே பாஸ்டர் தண்ணீர் பாட்டிலோடும், பலவேசம் புதுப்பையோடும், புலவர் பனையோலைப் பெட்டி நிறைய மிட்டாயோடும் நின்றார்கள். ஒவ்வொருவரும் பிள்ளையின் தாய்மாமன் தான்தான் என்கிற தோரணையில் மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிந்தா, “ஏட்டி, சீக்கிரம் வாட்டி, மணி அடிக்கப் போகுது” என்று பவளத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வடிவு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ரெஜினா டீச்சர் புதுப்பிள்ளையை எழுப்பி நிறுத்தி, பெயர் கேட்டார். பவளம் என்றாள். வயது கேட்டார்.

பவளம் ஜன்னலில் நின்ற அம்மாவை ஒரு முறை பார்த்தாள். வீட்டில் வயது சொல்கிற முறை அவளுக்கு அத்துப்படி.

“ஆறு டீச்சர்” என்றாள். “முன்னே பின்னே இருநூறு.”